மேல்மாடி வேண்டாம், அக்கா

பேர்ண், சுவிற்சர்லாந்து
பங்குனி மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நாலு பேரும் சுகம். நீங்கள், அத்தான், அம்மா, பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன்.

போன ஞாயிறு வட்ஸ்அப்பில் ஊர் வீட்டுக்கு மேல்மாடி கட்டுகிற கதை எடுத்தீர்கள். பக்கத்து வளவில் மேசன்மாரின் சத்தம், லைனும் வெட்டி வெட்டிப் போனது. இப்படியான விஷயத்தை அவசரத்தில் கதைத்தால் மனத்தாங்கலில்தான் போய் முடியும். அதனால்தான் கனகாலத்துக்குப் பிறகு பேனை எடுத்திருக்கிறேன். ஆறுதலாக இருந்து வாசியுங்கோ.

முதலில் ஒரு செய்தி. வரும் ஆடியிலிருந்து நான் எண்பது வீதம்தான் வேலை செய்யப்போகிறேன். இங்கே வேலையை வீதத்தில்தான் சொல்வார்கள். எங்கள் முதியோர் இல்லத்தில் வாரம் 42 மணித்தியாலம் செய்தால் நூறு வீதம். எண்பது என்றால் ஒரு நாள் வீட்டில் நிற்கலாம். நான் புதன்கிழமையைக் கேட்டு எடுத்திருக்கிறேன். புதன் பின்னேரம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, தமிழ்ப் பாடசாலை மட்டும் இருக்கிறது. சம்பளம் ஐந்தில் ஒரு பங்கு குறையும், பிற்காலத்தில் வரும் பென்சனும் அதற்கேற்றபடி குறையும். இவரும் இரவில் செய்துவந்த கந்தோர் துப்புரவு வேலையை விட்டுவிட்டார்.

இது ஒரு நாளில் வந்த யோசனை இல்லை. தைப்பொங்கல் கழிந்து ஒரு இரவு, பிள்ளைகள் படுத்த பிறகு, நானும் இவரும் குசினி மேசையில் ஒரு சி.ஆர். கொப்பியை விரித்து நடுவில் கோடு போட்டோம். இடப்பக்கத்தில் எங்களுக்கு எதெது முக்கியம் என்று எழுதினோம். பிள்ளைகள் உங்களோடும் அம்மாவோடும் தமிழில் சரளமாகக் கதைக்க வேணும். அம்மாவின் மருந்துக்குத் தட்டுப்பாடு வரக்கூடாது. ஊரில் படிக்கிற ஒரு பிள்ளைக்காவது கைகொடுக்க வேணும். இரவுச் சாப்பாடு நாலு பேரும் ஒன்றாக இருந்து சாப்பிட வேணும். கடன் கூடாது. வலப்பக்கத்தில் போன வருடம் காசும் நேரமும் எங்கே போனது என்று எழுதினோம். கார் லீசிங், சீட்டு, பிறகு சூரிச், பாசல், ஜெனீவா என்று மண்டபம் மண்டபமாகப் போன கலியாணங்கள், சாமத்திய வீடுகள், பிறந்தநாள்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு என்வலப், ஒரு புதுச் சேலை, ஒரு சனிக்கிழமை. இரண்டு பக்கத்திலும் இருந்தது அம்மாவின் மருந்து மட்டும்தான். இவர் அந்த இடத்திலேயே வேலை விலகல் கடிதம் எழுத வெள்ளைக் கடதாசி கேட்டார்.

அன்றிரவு எனக்கு ஐயாவின் நினைவுதான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த நேரம் மண்ணெண்ணெய் என்ன விலை விற்றது என்று உங்களுக்குத் தெரியும். இறைப்பு மிஷினுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்ததில், பின்வளவுப் பெடியன் ஓ.எல். சோதினைக்குப் படிக்கட்டும் என்று போத்தலில் ஊற்றிக் கொடுத்தார். ஜாம் போத்தல் விளக்கில் அவன் படித்தான், எங்கள் வாழைக்குத் தண்ணீர் பிந்தியது. அம்மா ஏசினபோது, "வாழை அடுத்த முறையும் குலை போடும், சோதினை போனால் போனதுதான்" என்றார். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. எது முந்தி, எது பிந்தி என்பது அவருக்குள் எப்போதோ முடிவாகி இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் வண்ணார்பண்ணைச் சிவதொண்டன் நிலையத்துக்குச் சைக்கிளில் போய், ஒரு மூலையில் பேசாமல் இருந்துவிட்டு வருவாரே, அந்த இருப்பில்தான் இதெல்லாம் முடிவாகியிருக்கும் என்று நினைக்கிறேன். ஊர் என்ன சொல்லும் என்று யாரும் கேட்டால், அந்த நிலையத்துக் குரு யோகர் சுவாமியின் "ஒரு பொல்லாப்பும் இல்லை"தான் அவருடைய பதில்.

இனி மூத்தவளின் விஷயம். மாசியில் அவள் பெரியபிள்ளையானதும் மண்டபம் எடுக்கவில்லை என்று அங்கேயும் கதை வந்திருக்கும். வீட்டில்தான் செய்தோம். மச்சாள் பாசலில் இருந்து வந்து தண்ணீர் வார்த்தா. உழுத்தங்களி கிண்டினோம், நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்தோம், அம்மா ஃபோனில் ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தா. மகளிடம் முதலே கேட்டோம். "வீட்டுக்காரர் மட்டும் காணும் அம்மா" என்றாள். சொந்தக்காரர் ஒருவர் இவரிடம், "இவ்வளவு காலமும் எல்லாற்றை வீட்டுக்கும் வைச்ச காசு எப்ப திரும்பி வாறது?" என்று கேட்டார். நாங்கள் அந்தப் பிள்ளைகளை வாழ்த்தி வைத்த காசு, கடனாகக் கொடுத்தது இல்லை என்று இவர் சொன்னார். பெரிதாகச் செய்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. திக்குத்திக்காகச் சிதறிய சனம், ஒரு மண்டபத்தில்தான் ஒருவரை ஒருவர் காண்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் அதற்காக இரண்டு பேரும் இரண்டு வருடம் இரவில் வேலைக்கு ஓட வேண்டி வரும். அந்த இரண்டு வருடத்தில்தான் மகளுக்கு அம்மாவும் அப்பாவும் வீட்டில் வேணும்.

கோயிலுக்கு மட்டும் குறைவில்லை. இங்கே 2014இல் திறந்த பல்சமய இல்லத்தில், பள்ளிவாசலும் புத்த விகாரையும் தேவாலயமும் இருக்கிற அதே கூரையின் கீழ் எங்கள் சிவன் கோயிலும் இருக்கிறது. பூசை முழுக்கத் தமிழில்தான், பெண்களும் பூசை செய்கிறார்கள். சின்னவன் மந்திரம் விளங்குகிறது என்று தானாகவே வந்து நிற்கிறான்.

சுவிஸ்காரரிடம் எனக்குப் பிடித்த ஒரு பழக்கத்தையும் சொல்ல வேணும். வருடத்தில் நாலு தரம் வாக்குச்சீட்டு தபாலில் வரும், ஒவ்வொரு விஷயத்துக்கும் ஓம் அல்லது இல்லை எழுத வேணும். தாதியர் பராமரிப்பைப் பலப்படுத்தும் கோரிக்கை 2021 நவம்பரில் 61 வீத வாக்கோடு வென்றது. அது என்னுடைய தொழில், ஆனாலும் அந்தக் கடதாசிகளை மேசையில் வைத்து ஏன் ஓம் என்று இவருக்கு விளங்கப்படுத்திய பிறகுதான் எழுதினேன்.

சரி, வீட்டுக்கு வருகிறேன். மேல்மாடி வேண்டாம், அக்கா. அம்மாவால் படி ஏற இயலாது, நாங்கள் வந்து நிற்க நடு அறையும் விறாந்தையும் போதும். காசு அனுப்ப மாட்டேன் என்று நினையாதேயுங்கோ. முதலில் அம்மாவின் அறையோடு ஒட்டி ஒரு குளியலறை கட்ட வேணும். இது நான் தினமும் கண்ணால் காண்கிற விஷயம். வயதானவர்கள் பலர் விழுவது இரவில், கக்கூசுக்குப் போகும் வழியில். இடுப்பெலும்பு முறிந்தால் பழையபடி நடப்பது கஷ்டம். வாசலில் படி வைக்க வேண்டாம், நிலம் ஒரே மட்டமாக இருக்கட்டும். பளபளவென்று இருக்கிற மாபிள் வேண்டாம், சொரசொரப்பான தரை ஓடு போடச் சொல்லுங்கோ. கொமேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் கைபிடி வேணும். அதைப் பூச்சில் மட்டும் இறுக்கினால் ஆள் பாரத்துக்குக் கழன்று வரும், ஆணி கல்லுக்குள் இறங்க வேணும். அறையில் இருந்து அங்கே போகும் வழியில் இரவு முழுக்க எரிகிற சின்ன பல்ப் ஒன்று.

அத்தானிடம் ஒரு வேண்டுகோள். வேலியை வெட்டி மதில் கட்ட வேண்டாம். கிளுவையும் பூவரசும் நின்றால்தான் ஆட்டுக்குக் குழை, தோட்டத்துக்குத் தாழ்க்கவும் குழை. ஐயா உரமூட்டை வாங்கியது குறைவு. எங்கள் நிலத்தின் கீழே சுண்ணாம்புக்கல், மேலே போடுகிற உரம் மழையோடு கிணற்றுக்குள் இறங்கிவிடும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவுக்கு மேல் இருக்கிறது, கைக்குழந்தைக்கு அது கூடவே கூடாது. உங்கள் மகளுக்குக் குழந்தை பிறக்கப்போகிற நேரம் இது. கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கோ, செலவை நான் தருகிறேன்.

ஏ.எல். படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ரியூஷன் காசு இனி மாதாமாதம் உங்கள் கணக்குக்கு வரும். நான் அனுப்புகிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்.

ஆடி லீவில் வருகிறோம். பள்ளிக்கூடம் ஆவணியில் தொடங்கிவிடும், அதனால் நல்லூர்த் தேர் வரை நிற்க முடியாது. அத்தானிடம் அம்மாவின் அறைக் கதவு நிலையின் அகலத்தை அளந்து அனுப்பச் சொல்லுங்கோ. 80 சென்ரிமீற்றருக்குக் குறைவென்றால் சக்கர நாற்காலி போவது கஷ்டம், மேசன் வரும்போது அதையும் சேர்த்து இடிக்க வேணும்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி