ஞாயிறு திரையிடல்: ஆஸ்கர் கண்டுகொள்ளாத படம்

நண்பர்களே, வணக்கம். இந்த ஞாயிறு மாலை 5 மணிக்கு, வழக்கமான இடத்தில், பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்’ பார்க்கிறோம்.

2024-இல் கான் திரைப்பட விழாவில் இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரி வாங்கிய படம். கோல்டன் குளோப்பில் சிறந்த இயக்குநர் பரிந்துரையும் கிடைத்தது. ஆனால் அப்போது ஆஸ்கரின் சர்வதேசப் படப் பிரிவுக்கு ஒரு நாடு ஒரு படத்தைத்தான் அனுப்ப முடிந்தது. இதற்குப் பதிலாக இந்தியா அனுப்பிய ‘லாபத்தா லேடீஸ்’ முதல் 15-க்குள்கூட வரவில்லை. மற்ற பிரிவுகளிலும் பாயல் படத்துக்கு ஒரு பரிந்துரைகூட இல்லை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்த சிவப்பு ரைஸ் குக்கரை நர்ஸ் பிரபா இரவில் தனியாகக் கட்டிக்கொள்வாள். அந்த ஒரு காட்சிக்காகவே பிரபாவாக நடித்த கனி குஸ்ருதியைப் பார்க்க வேண்டும்.

அப்புறம், வருபவர்கள் வெள்ளிக்குள் இங்கே சொல்லிவிடுங்கள், நாற்காலி போட வேண்டும்.