மூன்று கட்டுரையும் படித்தேன்

அன்பு மகளுக்கு,

உன் நீர்க்கசிவு தடுப்பு கம்பெனிக்காக இணையத்தில் போட எழுதி நீ அனுப்பிய மூன்று கட்டுரைகளையும் நேற்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். கோபித்துக்கொள்ளாதே, முதல் பத்தியைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை கொட்டாவி வந்துவிட்டது. ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்று ஆரம்பிக்கிறாய். தரமில்லை என்று எவன் எழுதுவான்?

கூரை ஒழுகுகிற வீட்டுக்காரி, நடு ராத்திரியில் வாளியை வைத்துவிட்டு போனில் உன் கம்பெனி பெயரையா தேடுவாள்? ‘மழை நின்ற பிறகும் ஏன் சொட்டுகிறது’ என்றுதான் தேடுவாள். அதையே தலைப்பாக வை. பதிலையும் சுற்றி வளைக்காமல் மேலேயே சொல்லிவிடு. காங்கிரீட்டுக்குள் தங்கின தண்ணீர் மெள்ளத்தான் இறங்கும். நாள்கணக்கில் வெயில் அடித்தும் ஈரம் காயவில்லை என்றால் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு தண்ணீர் மீட்டரைப் பார்த்தால், முள் நகர்கிறதா இல்லையா என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. கறைக்கு நேர் மேலேதான் விரிசல் இருக்கும் என்றில்லை, தண்ணீர் சரிவு பார்த்து ஓடி எங்கோ போய்ச் சொட்டும். இதெல்லாம் போன மாதம் போனில் நீ எனக்குச் சொன்னதுதான். அதில் ஒரு வரிகூடக் கட்டுரையில் இல்லையே!

தொழில் நுணுக்கத்தை அவிழ்த்துவிட்டால் யார் கூப்பிடுவார்கள் என்பாய். மிஷ்லின் டயர் கம்பெனி 1900-இல், டயரைக் கழற்றி மாட்டுவது எப்படி என்று கையேடே அச்சடித்து கார்க்காரர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. டயர் விற்காமலா போயிற்று?

நானும் ஒரு காலத்தில் இந்தத் தப்பைச் செய்தவள்தான். ஆபீசில் துண்டுப் பிரசுரம் எழுதச் சொன்னார்கள், புகழ்மாலை கட்டிவிட்டேன். வந்தது ஒரே ஒரு போன், அதுவும் ராங் நம்பர். அப்புறம்தான் போனில் ஜனங்கள் கேட்கிறதை அப்படியே நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுக் கேள்விதான். உனக்கும் அப்படித்தான் இருக்கும், குறித்து வை.

செலவைப் பற்றி நீ வாயே திறக்கவில்லை. தொகை வேண்டாம், எதனால் கூடும், எதனால் குறையும் என்றாவது சொல்: தளத்தின் பரப்பு, பழைய பூச்சைப் பெயர்க்க வேண்டுமா என்பது. உன்னால் ஆகாத வேலையையும் எழுது. அப்புறம், ‘நீர்க்கசிவு தடுப்பு’ ஒரே பத்தியில் ஒன்பது தடவை! தேடலில் முன்னால் வருவதற்காக ஒரே சொல்லைத் திணிக்கிற வேலையை கூகுளே ஸ்பேம், அதாவது குப்பை, என்றுதான் சொல்கிறது.

கடைசியில் ‘இன்றே அழையுங்கள்’ என்று ஐந்து ஆச்சரியக்குறி போட்டிருக்கிறாயே, அதை எடுத்துவிட்டு ‘கறையை போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம்’ என்று போடு.

அடுத்ததையும் எனக்கே முதலில் அனுப்பு. கொட்டாவி வந்தால் சொல்கிறேன்.

அம்மா