வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்கு ஒரு திறப்பு

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் மேசையில் உங்கள் பத்திரிகை ஒவ்வொரு நாளும் கிடக்கும். வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு அந்த மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு நாங்கள் பதினெட்டுப் பேர் பாடுகிறோம். பதின்மூன்று பேர் புற்றுநோய் வந்தவர்கள். மிச்சம் ஐந்து பேர் அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள். 2024 மாசியில் தொடங்கினோம், இந்த மாசியோடு ஒரு வருசம். யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையங்களின் நிர்வாகத்தாரிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கு முதல் இந்த ஒரு வருசத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் முப்பத்தொரு வருசம் தபாற்கந்தோர்களில் வேலை செய்து ஓய்வுபெற்றவள். அந்த நாளில் எங்கள் பகுதியில் யாருக்குப் புற்றுநோய் என்று எனக்கு முதலே தெரியும். யாரும் சொல்லித் தெரிந்ததில்லை. காசுக்கட்டளைப் படிவத்தில் 'மகரகம' என்று விலாசம் எழுதுவார்கள், அவ்வளவுதான். இங்கே வைத்தியம் போதாமல் எல்லாரும் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போன காலம் அது. 2006 ஆவணியில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு கப்பலுக்கும் பிளேனுக்கும் பதிந்துவிட்டுக் காத்திருந்துதான் போனார்கள். காசு அனுப்ப வருகிறவர், "கொழும்பிலை தம்பி நிக்கிறான்" என்பார். நானும் தலையாட்டிவிட்டு முத்திரை குத்திக் கொடுப்பேன். தம்பிக்கு என்ன என்று ஒருநாளும் கேட்கவில்லை. மரியாதை என்று நினைத்துத்தான் கேட்காமல் இருந்தேன்.

2022 இல் எனக்கே வந்தது, இடது மார்பில். பக்கத்து வீட்டாருக்குக் "கையிலை ஒரு கட்டி" என்று சொன்னேன். கனடாவில் இருக்கும் கூடப்பிறந்த தங்கச்சிக்கு இரண்டு மாதம் ஒன்றும் சொல்லவில்லை. தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருந்தபடியால் நான் மகரகமவுக்குப் போகத் தேவைப்படவில்லை. 2011 இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஆட்கள் நடந்து சேர்த்த காசு அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறது. அதை நினைக்காமல் அந்தப் படியில் நான் ஏறியதில்லை. பெற்றோல் இல்லாத அந்த ஆடி மாதத்தில், மருந்து ஏற்றும் நாளில் என் மச்சான் சைக்கிள் கரியரில் தலையணை கட்டி என்னை ஏற்றிக்கொண்டு போனார். வழியில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, "சும்மா கீரிமலைக்கு" என்றோம்.

பாட்டு தொடங்கியது கிளினிக் வாங்கில். முறை வரும்வரை இருந்த ஒரு தங்கச்சி வாய்க்குள் எதையோ முணுமுணுத்தாள். அடுத்த வாங்கிலிருந்த வயதான அம்மா திரும்பி, "பிள்ளை, சுருதியைக் கொஞ்சம் இறக்கிப் பாடுங்கோ, மூச்சு வாங்காது" என்றா. அவ மருதனார்மடம் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்து, வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஆயத்தப்படுத்திய சங்கீத ரீச்சர். அவவுக்கும் மார்பில்தான். அன்றைக்கு நாலு பேர் ஒருவருக்கொருவர் போன் நம்பர் எழுதிக்கொண்டோம்.

முதல் இடம் ஒரு கலியாண மண்டபத்தின் பக்க அறை. நல்ல காற்று, பக்கத்திலேயே பஸ். மூன்றாம் கிழமை பொறுப்பாயிருந்தவர் ரீச்சரை வெளியே கூப்பிட்டார். "குறை நினைக்காதேங்கோ ரீச்சர். இது கலியாணம் நடக்கிற இடம். சனம் ஒருமாதிரிக் கதைக்குது." நாங்கள் எட்டுப் பேரும் உள்ளே இருந்தபடியே கேட்டோம். ஒருத்தி தலையில் கட்டியிருந்த துணியை இன்னும் இறுக்கிக் கட்டினாள். அந்த மண்டபத்தின் பெயரை எழுதி யாரையும் நோகடிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஆசிரியர் அவர்களே, இது தொற்றுகிற வருத்தம் இல்லை. ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தாலும் தொற்றாது. உண்மையில் பயப்பட வேண்டியவர்கள் நாங்கள்தான். மருந்து ஏற்றி ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் மட்டும் எங்கள் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும். மற்றவர்களின் தடிமன் எங்களுக்குப் பெரிய ஆபத்தாகிவிடும்.

அதற்குப் பிறகுதான் எங்கள் சனசமூக நிலையத்தின் செயலாளர், அவர் இளம் பொடியன், திறப்பைக் கொண்டுவந்து தந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "அன்ரி, பூட்டு கொஞ்சம் இறுக்கம், இழுத்துப் பிடிச்சுத் திறவுங்கோ" என்று மட்டும் சொன்னார்.

பாயில் இருந்து எழும்ப முடியாதவர்கள் இருப்பதால் கதிரையில்தான் இருக்கிறோம். காய்ச்சல், தடிமன் என்றால் அன்றைக்கு வரக்கூடாது. வெள்ளை அணு குறைந்த கிழமையில் இருப்பவர்களுக்குப் போனில் கூப்பிட்டு, போனை மேசை நடுவில் வைத்துவிடுவோம், அவர்கள் வீட்டிலிருந்து பாடுவார்கள். பெண்கள் வழக்கமாகப் பாடும் ஐந்து கட்டைச் சுருதியை ரீச்சர் நாலுக்கு இறக்கினா. பெரிய அடிகளை இரண்டாக முறித்து, நடுவில் மூச்சுக்கு இடம் விட்டா. முதல் கால் மணித்தியாலம் சட்சம் மட்டும்தான். மூச்சை இழுத்து 'சா' என்று பிடிக்க, அவ விரலை மடித்து எண்ணுவா. மாசியில் நான் ஐந்து எண்ணவே தளர்ந்துவிட்டேன். ஐப்பசியில் பதினாலு வரை வந்தேன்.

சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மார்பில் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்குக் கை மேலே போகாது. விரல்களால் சுவரில் நடந்து நடந்து கையை ஏற்றச் சொல்லி ஆஸ்பத்திரியில் பழக்குவார்கள். நோவுக்குப் பயந்து வீட்டில் ஒருவரும் ஒழுங்காகச் செய்வதில்லை. ரீச்சர் அதை ஆரோகணத்தோடு சேர்த்துவிட்டா. ச, ரி, க என்று ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு விரல் தூரம் ஏற வேண்டும், அவரோகணத்தில் மெல்ல இறங்க வேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடும் பெயரின் முதலெழுத்தும். தோள் மட்டத்தில் தொடங்கிய கோடுகள் வருசக் கடைசியில் யன்னல் நிலைக்கு மேலே போயிருந்தன. பொங்கலுக்கு நிலையத்துக்கு வெள்ளை அடித்தபோது செயலாளர் பொடியன் அந்த ஒரு முழ அகலச் சுவரை மட்டும் அடிக்காமல் விட்டிருந்தார். அவரிடம் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

எங்களோடு ஓர் ஐயா இருக்கிறார். சுருட்டுச் சுற்றும் தொழில், சின்ன வயதிலிருந்தே சுருட்டும் பிடித்தவர். குரல்வளையை எடுத்தாகிவிட்டது. கழுத்தில் இருக்கும் துளையால்தான் மூச்சு, அதன்மேல் மெல்லிய துணி கட்டியிருப்பார். மனுசியைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தார், மாமரத்தடியில் சைக்கிளோடு நிற்பார். ஒருநாள் நாங்கள் தாளத்தில் ஓடிப்போக, அவர் உள்ளே வந்து மேசை விளிம்பில் விரலால் தட்டி எங்களை நிறுத்திப்பிடித்தார். அடுத்த கிழமை ரீச்சர் தன் வீட்டிலிருந்த கைத்தாளத்தைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தா. அன்றுதொட்டு அவர்தான் எங்களுக்குத் தாளம். ஆனியில் ஒருநாள் கொப்பியில் எழுதி என்னிடம் நீட்டினார்: "நீங்கள் பாடேக்கை என்ரை வாயும் அசையுது. வீட்டிலை அசையிறேல்லை." அந்தத் தாளைக் கிழித்துத் தரச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன்.

எதைப் பாடுவது என்பதில் சண்டையும் நடந்தது. ரீச்சர் முதலில் எடுத்தது அப்பர் சுவாமிகள் சூலைநோயோடு திருவதிகையில் பாடிய பதிகம். இளவாலையிலிருந்து வரும் இரண்டு கத்தோலிக்க அக்காமார், "எங்கடை பாட்டும் ஒண்டு வேணும்" என்றார்கள், அது நியாயம். இப்போது அவர்கள் கோயில் பாட்டு இரண்டும் எல்லாருக்கும் பாடம். ஆனால் இன்னொரு தங்கச்சி வேறு காரணத்துக்காக மறுத்தாள். "வீட்டிலையும் வருத்தம், கிளினிக்கிலையும் வருத்தம், பாட்டிலையும் வருத்தமோ?" என்று அழுதாள். ரீச்சர் பாட்டை நிறுத்திவிட்டு அந்தப் பதிகத்தைச் சொல் சொல்லாகப் பிரித்தா. ஏழாம் நூற்றாண்டில் இருந்த ஒரு மனிதர், எனக்கு வயிற்றுக்குள்ளே, குடலை முறுக்குகிறது, தாங்க முடியவில்லை என்று இடத்தின் பெயரோடு சத்தமாகச் சொல்கிறார். கீரிமலைக்குப் போகிறேன் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அந்த இடத்தில் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அந்தத் தங்கச்சிதான் இப்போது அதற்கு முதல் அடி எடுத்துக்கொடுக்கிறவள்.

பாட்டு புற்றுநோயை மாற்றும் என்று நான் சொல்லவரவில்லை. அதை யாராவது சொன்னால் நம்பவேண்டாம், மருந்தை விட்டுவிட்டுப் பாட வருகிறவரை நாங்களே திரும்ப கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போவோம். ரீச்சரின் பேத்தி ஒரு தாதி. வேல்ஸ் நாட்டில் இதே மாதிரியான ஐந்து பாடற்குழுக்களில் 193 பேரைச் சோதித்து 2016 இல் வெளிவந்த ஆய்வை அவள் எங்களுக்கு விளங்கப்படுத்தினாள். ஒரு மணித்தியாலம் பாடிய பிறகு எச்சிலை எடுத்துப் பார்த்தால் மன உளைச்சலோடு சேர்ந்த கோர்ட்டிசோல் என்ற சுரப்பு குறைந்திருந்ததாம், நோயாளிக்கு மட்டுமல்ல, கூட வந்து பாடியவருக்கும். கேட்டுக்கொண்டிருந்த ஐயா தன் மனுசியைப் பார்த்துத் தாளத்தை ஒருதரம் தட்டினார்.

இன்னொன்றும் நடந்தது. சித்திரை வெக்கையில் தலைத்துணியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுப் பாடிக்கொண்டிருந்தோம். பத்திரிகை பார்க்க வந்த ஒரு பிள்ளை வாசலிலேயே நின்றாள். பாட்டு முடிந்த பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, தனக்கும் ஒரு கட்டி தட்டுப்படுகிறது, நாலு மாதமாக ஒருவருக்கும் சொல்லவில்லை என்றாள். திங்கட்கிழமை நானும் அவளும் போனோம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது, முப்பத்தைந்து வயதான பெண்களை அங்கே வரச்சொல்லி அழைக்கிறார்கள். காசில்லை. கிளினிக்குக்கு ஒழுங்கை ஒழுங்கையாகப் பாதை தெரிந்தவர்களும் அதைப் பற்றிக் கதைக்கமாட்டார்கள். பெப்ரவரி 4 உலகப் புற்றுநோய் தினம், எங்கள் நாட்டில் அது சுதந்திர தின விடுமுறை. ஒவ்வொரு வருசமும் அந்த நாள் சத்தமில்லாமல் போய்விடுகிறது.

இந்த ஒரு வருசத்தில் நாலு பேர் போய்விட்டார்கள். கார்த்திகைக் கடைசியில் ஊரெல்லாம் வெள்ளம் நின்ற கிழமையில் ஒருவர். அந்த வெள்ளிக்கிழமை நிலையத்துக்குப் போக வழியில்லை, போனிலேயே பாடினோம். யாருடைய குரல் இல்லை என்று எல்லாருக்கும் கேட்டது, ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை.

கிளினிக் வாங்கில் முணுமுணுத்த அந்தத் தங்கச்சியைப் பற்றி எழுதாமல் முடிக்க முடியாது. மார்கழியோடு அவளுக்கு எழும்ப முடியாமல் போனது. திருவெம்பாவை நாட்களில் விடியப்புறம் சங்கும் சேமக்கலமும் ஊதியடித்துக்கொண்டு ஊர்வலம் வருமல்லவா, அந்த ஆறாம் நாள் நாங்கள் பதினொரு பேர், அவள் வீட்டு ஒழுங்கைக்கு ஊர்வலம் வருவதற்கு முன்பே போய்விட்டோம். நாலரை மணி, பனி, கைவிளக்கு. படலைக்கு வெளியே நின்று நாலு கட்டையில் பாடினோம். எதிர்வீட்டு விளக்கு எரிந்தது, பிறகு பக்கத்து வீடு. தாய் படலையைத் திறந்து, "உள்ளுக்கு வாங்கோ, அவள் கூப்பிடுறாள்" என்றா. கட்டிலில் கிடந்தபடி ஒவ்வொரு பாட்டின் கடைசிச் சொல்லையும் மட்டும் அவள் எங்களோடு பிடித்தாள். அதற்கு மட்டும்தான் மூச்சு இருந்தது. ஐயா தாளத்தை நிறுத்திவிட்டு அவளின் கால்மாட்டில் நின்றார். பொங்கலுக்கு இரண்டு நாள் கழித்து அவள் போனாள். செத்தவீட்டில் சுண்ணம் பாடும்போது எங்களையும் சேர்ந்து பாடச் சொல்லித் தாய் கேட்டா. பாடினோம். அவளின் பென்சில் கோடு யன்னல் நிலைக்கு நாலு விரல் கீழே இருக்கிறது.

இனி நான் கேட்க வந்தது. எங்களிடம் வரும் ஒருத்தி கிளிநொச்சியிலிருந்து இரண்டு பஸ் ஏறி வருகிறாள். மருந்து ஏற்றிய உடம்போடு அந்தத் தூரம் வருவது சரியில்லை. வடமராட்சியிலிருந்தும் தீவுப்பகுதியிலிருந்தும் போனில் கேட்கிறார்கள், அவர்களை வரச்சொல்ல எனக்கு மனமில்லை. ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் இருக்கிறது. காலையில் பத்திரிகை பார்த்துப்போன பிறகு பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. நிர்வாகத்தார் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை எடுத்துக் கதையுங்கள். கிழமைக்கு ஒரு பின்னேரம் போதும். பதினைந்து கதிரை, ஒரு மின்விசிறி, கழிப்பறைத் திறப்பு, சுடுதண்ணி, ஏறுவதற்குப் படி குறைந்த வாசல். வாடகை தர எங்களிடம் இல்லை, கூட்டித் துப்புரவாக்கித் தருவோம். சுவரில் பென்சிலால் கோடு போட விடவேண்டும்.

ரீச்சருக்கு எழுபத்தொரு வயது. எந்த ஊர் கேட்டாலும் முதல் நாலு கிழமையும் தானே சுருதிப்பெட்டியோடு வந்து தொடக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறா. கூட நான் வருவேன், ஐயாவும் தாளத்தோடு வருவார். வெள்ளிக்கிழமை மட்டும் வைக்கவேண்டாம். அன்றைக்கு எங்களுக்குப் பாட்டு இருக்கிறது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உபதபாலதிபர் ஒருவர்,
மல்லாகம்.