பால்பல்லும் பேரேடும்

அன்புள்ள கண்ணா,

போன வாரம் தொலைபேசியில் நீ சொன்ன ஒரு வார்த்தை இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. "அணுகுண்டு, காற்று மாசு எல்லாம் டாக்டர்கள் பேசுகிற விஷயம் அம்மா. கணக்குப் பார்க்கிறவனுக்கு அங்கே என்ன வேலை?" என்றாய். வாசலில் மணி அடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். மணி அடிக்கவில்லை. சட்டென்று பதில் சொல்லத் தெரியாமல்தான் வைத்தேன். யோசித்ததில் இப்போது பதில் கிடைத்திருக்கிறது. ஒளிவுமறைவு வேண்டாம், இது ஆள் பிடிக்கும் கடிதம்தான்.

உன் மேல் கோபமில்லை. எண்பதுகளில் சக மருத்துவர் ஒருவர் அணு ஆயுத எதிர்ப்பு மனுவோடு என் அறைக்கு வந்தபோது நானும் இதையேதான் சொன்னேன்: "அது அரசியல், வெளியே குழந்தைகள் காத்திருக்கிறார்கள்." அவர் வாதாடவில்லை. "உங்கள் தீக்காயப் பிரிவில் எத்தனை படுக்கைகள்?" என்று மட்டும் கேட்டார். பத்து என்றேன். அந்தப் பத்தில் ஒன்றில், உடம்பில் பாதி வெந்துபோன ஒரு சிறுமி அப்போது மூன்றாவது வாரமாகக் கிடந்தாள். அவள் ஒருத்திக்காக எத்தனை பாட்டில் சலைன், எத்தனை பேர் கொடுத்த ரத்தம், தினமும் கட்டு மாற்ற எத்தனை நர்சுகள்! "இவளைப் போல ஒரே காலையில் பத்தாயிரம் பேர் வந்தால்?" என்றார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் கேட்டது புதிய கேள்வி அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. 1962இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்களான பெர்னார்ட் லவுன், விக்டர் சைடல், ஜாக் கெய்கர் ஆகியோர் தங்கள் ஊரின் மீது குண்டுகள் விழுந்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டு மருத்துவ இதழில் எழுதினார்கள். உயிர் தப்பி, நிற்கக்கூடிய நிலையில் இருக்கும் ஒரு மருத்துவருக்கு 1,700 பேர் வரை காயம்பட்டவர்கள். ஒருவருக்கு 10 நிமிடம் என்று வைத்து, நாளுக்கு 20 மணி நேரம் உழைத்தாலும் என்ன ஆகிறது என்று நீயே பெருக்கிப் பார். கடைசி ஆளின் நாடியை முதன்முதலாகப் பிடிக்க இரண்டு வாரம் ஆகும். அதற்குள் பெரும்பாலானவர்களுக்கு எங்கள் தேவை தீர்ந்திருக்கும்.

இது காகிதக் கணக்கு மட்டும் என்றும் தள்ளிவிட முடியாது. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் இருந்த மருத்துவர்களிலும் நர்சுகளிலும் பத்தில் ஒன்பது பேர் இறந்தோ காயம்பட்டோ போனார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் மார்செல் ஜூனோ சுமார் 15 டன் மருந்துப் பொருள்களோடு அங்கே போய்ச் சேர்ந்தது செப்டம்பர் 8ஆம் தேதி, ஒரு மாதம் கழித்து. மருந்து வந்தபோது பலருக்கு அது தேவைப்படவில்லை.

அணுகுண்டுக்குச் சிகிச்சை கிடையாது, தடுப்பு மட்டுமே உண்டு என்று எங்கள் கூட்டங்களில் சொல்வோம். அம்மைக்குத் தடுப்பூசி என் கையில் இருந்தது. இந்த நோய்க்கான தடுப்பூசியோ ஒப்பந்தங்களிலும் பட்ஜெட்டுகளிலும் முதலீட்டுப் பட்டியல்களிலும் இருக்கிறது. அவையெல்லாம் எங்களுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. மருத்துவர்கள் மற்றவர்களைத் தேடிப் போவது இதனால்தான்.

இதில் எனக்குப் பிடித்த கதை பால்பற்களின் கதை. ஐம்பதுகளில் வெட்டவெளியில் வெடித்த சோதனைக் குண்டுகளின் துகள்கள் காற்றோடு போய்ப் புல்லில் இறங்கின. அதில் இருந்த ஸ்ட்ரான்சியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் உடம்புக்குள் கால்சியத்தைப் போலவே நடந்துகொள்ளும். புல்லிலிருந்து மாட்டுக்கு, பாலுக்கு, வளரும் குழந்தையின் எலும்புக்கு. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க உயிரோடிருக்கும் குழந்தையின் எலும்பை யார் வெட்டுவார்கள்? ஆனால் பல் தானாக விழுகிறதே! 1958 கடைசியில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் லூயிஸ் ரீஸ் என்ற மருத்துவரின் தலைமையில் விழுந்த பற்களைக் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள்.

கேட்டது மருத்துவர். சேர்த்தது யார்? படிவங்கள் பள்ளிகள், பல் மருத்துவர்கள், நூலகங்கள் வழியாகப் போயின. குழந்தை எங்கே பிறந்தது, கருவுற்றபோது தாய் எங்கே வசித்தாள், என்ன பால் குடித்தது என்று தாய்மார்கள் உட்கார்ந்து நிரப்பினார்கள். தன்னார்வலர்கள் பிரித்து அடுக்கினார்கள். பல் கொடுத்த பிள்ளைக்கு, 'அறிவியலுக்கு என் பல்லைக் கொடுத்தேன்' என்று ஒரு சட்டை வில்லை. 1970 வரை சுமார் 3,20,000 பற்கள்! 1950இல் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டால், 1963இல் பிறந்தவர்களின் பற்களில் ஸ்ட்ரான்சியம் சுமார் 50 மடங்கு இருந்தது. அதே 1963இல் காற்றிலும் நீருக்கடியிலும் விண்வெளியிலும் சோதனை நடத்துவதைத் தடைசெய்யும் ஒப்பந்தம் கையெழுத்தானது. பற்களால் மட்டுமே அது வந்தது என்று சொல்லமாட்டேன், நிலத்தடிச் சோதனைகளும் நிற்கவில்லை. ஆனால் படிவத்தை ஒழுங்காக நிரப்பிய ஒரு தாயும் அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் இருந்தாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பின்னாளில் ஹெர்பர்ட் நீடில்மன் பாஸ்டன் அருகே பள்ளிப் பிள்ளைகளின் பால்பற்களில் ஈயத்தை அளந்து, அது அறிவுத்திறனைக் குறைப்பதை 1979இல் காட்டியதும் இதே வழியில்தான்.

நான் மேடையில் வழக்கமாகச் சொல்வது வேறு கதை. லவுனும் சோவியத் இதய மருத்துவர் சாஸொவும் சேர்ந்து 1980இல் தொடங்கிய பன்னாட்டு மருத்துவர் அமைப்புக்கு 1985இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆஸ்லோவில் செய்தியாளர் சந்திப்பு நடந்துகொண்டிருந்தபோது ஒரு சோவியத் செய்தியாளர் மாரடைப்பில் சரிந்தார். பகை நாட்டு மருத்துவர்கள் இருவரும் சேர்ந்து அவர் மார்பை அழுத்திப் பிழைக்க வைத்தார்கள். கூட்டம் எப்போதும் கைதட்டும். ஆனால் இப்போது அந்தக் கைதட்டல் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரையும் நாற்காலியில் உட்கார வைக்கும் கதை அது. உன்னையும் உட்கார வைத்தது நான்தானோ என்னவோ.

அந்த அமைப்பே பிறகு அதை உணர்ந்தது. அதில் இருந்த மலேசிய மகப்பேறு மருத்துவர் ரான் மக்காய், கண்ணிவெடித் தடையைப் போல எல்லோரையும் சேர்த்து ஒரு இயக்கம் வேண்டும் என்று 2005இல் முன்மொழிந்தார். 2007இல் மெல்போர்னில் 'ஐகேன்' என்ற அணு ஆயுத ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. வழக்கறிஞர்களும் மாணவர்களும் அணுகுண்டுக்கு உயிர் தப்பிய ஹிபாகுஷா முதியவர்களும் வந்து சேர்ந்தார்கள். 2017 ஜூலையில் 122 நாடுகள் அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தை ஏற்றன. குண்டு வைத்திருக்கும் ஒரு நாடும் அதில் சேரவில்லை, உலகில் இன்னும் சுமார் 12,000 குண்டுகள் இருக்கின்றன. அதையும் சேர்த்தே எழுதுகிறேன். தணிக்கையாளனிடம் வரவை மட்டும் காட்டக்கூடாது.

இனி உன் வேலை. குண்டு செய்யும் நிறுவனங்களுக்கும் பங்குதாரர்கள் உண்டு. நார்வேயின் அரசு நிதியம் அவற்றில் பலவற்றைத் தன் முதலீட்டுப் பட்டியலிலிருந்து விலக்கியது. நெதர்லாந்தின் பெரிய ஓய்வூதிய நிதியம் ஏபிபி 2018இல் விலகுவதாக அறிவித்தது. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 2014இல் காற்றைக் கெடுக்கும் நிலக்கரி, எண்ணெய் முதலீடுகளைக் கைவிட வாக்களித்தது. எங்கள் ஓய்வுபெற்ற மருத்துவர் குழுவும் எங்கள் ஓய்வூதியப் பணம் எங்கே போகிறது என்று பார்க்க உட்கார்ந்தது. எக்ஸ்ரேயில் மயிரிழை முறிவைக் கண்டுபிடிக்கும் மூன்று பேர், ஒரு மாலை முழுவதும் ஆண்டறிக்கையைப் புரட்டியும் 'இதர முதலீடுகள்' என்ற வரியைத் தாண்ட முடியவில்லை. விளக்கம் கேட்டோம். இன்னொரு ஆண்டறிக்கையை அனுப்பினார்கள்.

இரண்டையும் உனக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அந்த வரிக்குள் யார் யார் இருக்கிறார்கள், எவ்வளவு, எந்த நிதியின் வழியாக என்று மட்டும் பார்த்துச் சொல். எதுவும் இல்லை என்றாலும் அதையே எழுது. கட்டணம் கேட்காதே, குழுவின் மொத்த இருப்பு தபால்தலைக்கே சரியாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அழைக்கிறேன். இந்த முறை வாசலில் உண்மையிலேயே மணி அடித்தாலும் வைக்கமாட்டேன்.

அன்புடன்,
அம்மா