ஊருணித் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம். ஊருணி வேலை முடிந்துவிட்டது. தூர் வாரியது, வரத்துக்கால் சரிசெய்தது, கம்பி வேலி எல்லாம் எஸ்டிமேட்படி நடந்தன. ஆனால் டீக்கடையில் கேட்பதெல்லாம், படித்துறையை ஏன் உடைத்துக் கட்டினீர்கள், செலவு ஏன் கூடியது என்பதுதான். அதற்கே வருகிறேன்.

நமக்கு நாமே திட்டத்தில் எடுத்த வேலை இது. 1997-ல் வந்து, 2011-ல் தன்னிறைவுத் திட்டமாகி, 2021-ல் பழைய பெயருக்கே திரும்பிய திட்டம். இந்த வேலையில் மக்கள் பங்கு மூன்றில் ஒன்று, மீதி அரசுப் பணம். மதிப்பீடு 9 லட்சம். நம் பங்கு 3 லட்சம்.

வரைபடத்தில் ஒன்பது படி, ஒவ்வொன்றும் பத்து அங்குல உயரம். பார்த்துத் தலையாட்டியவர்கள் நாங்களும்தான். கீழே இரண்டு படி கட்டியிருந்தபோது ஆகஸ்ட் 15 கிராம சபை கரையிலேயே கூடியது. கீழத்தெரு அப்பத்தா ஒருவர் நிறைகுடத்தை ஓவர்சியர் இடுப்பில் வைத்து, "ஏறுங்க தம்பி" என்றார். இரண்டாம் படியில் அவர் பேன்ட் நனைந்துவிட்டது. அங்கேயே தீர்மானம்: ஆறு அங்குலம், பதினைந்து படி.

எஸ்டிமேட்டில் இல்லாத வேலைக்கு ஒன்றியத்தில் பில் ஆகாது என்று காண்ட்ராக்டர் 19 நாள் வேலையை நிறுத்தினார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் உடைத்த படிக்கும் சேர்த்து 86,000 கேட்டது அநியாயம். நாலு தடவை பேசி 58,000-க்கு இறக்கினோம். வேறு ஆளைப் போட்டிருக்கலாமே என்கிறீர்கள். டெண்டர் அவர் பெயரில். நடுவில் மாற்றினால் பெரியாறு கால்வாயில் தண்ணீர் திறக்கும்போது இங்கே பள்ளம்தான் இருந்திருக்கும்.

பொம்பளைகளைக் கேட்டதால் செலவு கூடியதாம். வரைபடம் போடும் முன்னாலேயே கேட்டிருந்தால் உடைக்கிற வேலையே வந்திருக்காது. அந்தத் தப்பு கமிட்டியுடையது.

வரவு: மலேசியாவில் இருக்கும் மேலத்தெரு அண்ணன் தம்பிகள் 1,00,000, அரிசி மில்காரர் 50,000, மகளிர் குழுக்கள் ஆறும் சேர்ந்து 36,000, இளைஞர் மன்றம் 21,500, பால் சொசைட்டி 14,000, தலைக்கட்டு வரி 240 தலைக்கட்டுக்கு 500 வீதம் 1,20,000. ஆக 3,41,500. செலவு, நம் பங்கு 3 லட்சத்தோடு படிக்குக் கூடிய 58,000-ஐயும் சேர்த்து 3,58,000. குறைந்த 16,500-ஐப் பொருளாளர் கைக்காசாகப் போட்டிருக்கிறார்; அவர் வாய் திறந்து கேட்கமாட்டார், அதனால் நான் எழுதுகிறேன். ரசீது புத்தகத்தில் கடைசிப் பத்துத் தாள் கிழிக்காமல் இருக்கிறது.