கலை வகுப்புகள் குறித்துப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற பெற்றோர் கூட்டத்தில் இரண்டு கோரிக்கைகள் எழுந்தன. ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு வாரந்தோறும் நடக்கும் ஓவிய, இசை வகுப்புகளைத் தேர்வு முடியும்வரை நிறுத்திவிட்டு, அந்தப் பாடவேளைகளைக் கணிதத்துக்கும் அறிவியலுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது ஒன்று. பள்ளிக் கண்காட்சிக்குத் தேர்ந்தெடுத்திருக்கும் படங்களில் ஒன்று வீட்டில் நேர்ந்த ஒரு மரணத்தைக் காட்டுவதால், அதை எடுத்துவிட்டுப் பார்ப்பதற்கு இதமான வேறு படத்தை வைக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டையும் பிள்ளைகள் மேலுள்ள அக்கறையால்தான் கேட்டீர்கள் என்பதை நான் அறிவேன். இரண்டையும் ஏற்க இயலவில்லை என்று ஒரு வரியில் எழுதி அனுப்புவது உங்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. கலை மனிதருக்கு எதற்காக, அது எதைப் பற்றியது என்பதில் எனக்குள்ள தெளிவிலிருந்தே இரண்டு பதில்களும் வருகின்றன. ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

வயிற்றுப்பாடு தீர்ந்து, வேலைகளெல்லாம் முடிந்து, மிச்சப்படும் நேரத்தில் செய்வதே கலை என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. மனித வரலாறு இதற்கு இடம் தருவதாக இல்லை. ஜெர்மனியின் தென்பகுதியில் ஹோலன்ஸ்டைன்-ஸ்டாடெல் என்ற குகையில் 1939-இல் யானைத் தந்தத் துண்டுகள் சில கிடைத்தன. மாமூத் என்னும் அழிந்துபோன யானையினத்தின் தந்தம் அது. துண்டுகளைப் பின்னாளில் ஒன்றாகப் பொருத்தியபோது, மனித உடலும் சிங்கத் தலையும் கொண்ட, ஏறத்தாழ 31 சென்டிமீட்டர் உயரமுள்ள ஓர் உருவம் வந்தது. வயது சுமார் 40,000 ஆண்டுகள். அக்காலத்துக் கற்கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு அதேபோன்ற ஒன்றைச் செதுக்கிப் பார்த்த வல்லுநருக்கு 300 மணி நேரத்துக்கும் மேல் பிடித்தது. பனியுகக் குளிரில், அன்றன்றைய இரையை அன்றன்று தேடியாக வேண்டிய ஒரு சிறு கூட்டம், தன்னுள் ஒருவர் இவ்வளவு நேரம் ஒரு தந்தத்தோடு உட்கார்ந்திருக்க இடம் கொடுத்திருக்கிறது. அதே வட்டாரத்தில் ஹோலெ ஃபெல்ஸ் குகையில் 2008-இல் கழுகின எலும்பில் செய்த ஐந்து துளைப் புல்லாங்குழல் ஒன்றும் கிடைத்தது. அதுவும் ஏறத்தாழ அக்காலத்தையே சேர்ந்தது. உழவும் எழுத்தும் சக்கரமும் வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இசையும் சிற்பமும் வந்துவிட்டன. மிச்ச நேரம் என்ற ஒன்றே இல்லாதவர்களும் கலைக்கு நேரம் ஒதுக்கினார்கள் என்றால், அவர்களுக்கு அது அவ்வளவு தேவையாக இருந்தது என்றுதான் நான் கொள்கிறேன்.

அந்தத் தேவை என்னவென்று வகுப்பறையிலேயே பார்க்கலாம். சில வாரங்களுக்கு முன் ஆறாம் வகுப்பில் ஓவிய ஆசிரியர் ஒரு பயிற்சி கொடுத்தார். ஒவ்வொருவரும் தன் இடது கையை மேசைமேல் தளர்வாக வைத்து, அதைப் பார்த்து வரைய வேண்டும். அழிப்பானைத் தொடக் கூடாது. முதல் ஐந்து நிமிடங்களில் எல்லோரும் வரைந்து முடித்துவிட்டார்கள். வரைந்தது கையை அன்று, கை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று மனத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு சித்திரத்தை: ஐந்து நேர்விரல்கள், ஐந்து நகங்கள், எல்லாம் ஒரே திசையில். ஆசிரியர் மீண்டும் பார்க்கச் சொன்னார். பாதி வேளை கழிந்தபின் ஒரு மாணவி, மற்ற நான்கு நகங்களும் மேலே பார்க்க, கட்டைவிரல் நகம் மட்டும் பக்கவாட்டில் திரும்பியிருப்பதைக் கண்டு வியந்து உரக்கச் சொன்னாள். வகுப்பு முழுவதும் குனிந்து தன் கட்டைவிரலைப் பார்த்தது. பதினொரு ஆண்டுகளாகத் தன்னோடிருக்கும் கையை அந்தப் பிள்ளைகள் அன்றுதான் பார்த்தார்கள். பெயரைச் சொல்லிக் கடந்துபோகும் ஒரு பொருளின் முன்னால் நின்று, அது உண்மையில் எப்படி இருக்கிறது என்று பொறுமையாகப் பார்க்க வைப்பது ஓவியத்தின் முதல் வேலை. இசை காதுக்கும், நடனம் உடலுக்கும், கவிதை நாம் நாள்தோறும் புழங்கித் தேய்ந்த சொற்களுக்கும் இதையே செய்கின்றன. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் குகைச் சுவரில் கையைப் பதித்துச் சுற்றிலும் செங்காவி வண்ணத்தை ஊதி எடுத்த கைத்தடம் ஒன்று குறைந்தது 39,900 ஆண்டுகள் பழையது என்று 2014-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்ததையே அந்த மனிதரும் பார்த்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி தருகிறது.

கலை கற்றால் கணித மதிப்பெண் கூடும் என்று சொல்லி உங்களைச் சம்மதிக்க வைக்கலாமே என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். அந்த வழியை நான் எடுக்க மாட்டேன். மொசார்ட் என்ற மேற்கத்திய இசைமேதையின் இசையைக் கேட்டால் அறிவு வளரும் என்று உலகெங்கும் ஒரு பேச்சு பரவியது. அதன் தொடக்கம் 1993-இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு. அதில் பங்கேற்றவர்கள் கல்லூரி மாணவர்கள். சோதிக்கப்பட்டது வடிவங்களை மனத்தில் மடித்தும் திருப்பியும் பார்க்கும் ஒரு திறன் மட்டுமே. கண்ட முன்னேற்றமும் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் நீடிக்கவில்லை. அதைக் கொண்டு கைக்குழந்தைகளுக்கு இசைத்தட்டு விற்கும் அளவுக்கு வணிகம் வளர்ந்தது. இசையை வேறொன்றுக்குக் கருவியாகக் காட்டித்தான் காப்பாற்ற முடியும் என்று நினைப்பவர்கள், அந்தக் கருவி பயன்படவில்லை என்று தெரிந்த அன்றே இசையையும் கைவிடுவார்கள். கணிதம் கற்பதற்குக் கணிதமே காரணமாக இருப்பதுபோல், இசை கற்பதற்கு இசையே போதிய காரணம்.

இனி, கலை எதைப் பற்றியதாக இருக்கலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். அழகானவையும் உயர்ந்தவையும் மட்டுமே கலைக்குப் பொருளாகும் என்ற கருத்துக்கு நீண்ட வரலாறு உண்டு; அரசர்களையும் தெய்வங்களையும் வெற்றிகளையும் பாடியும் செதுக்கியுமே பெரும்பாலான கலைஞர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். ஆனாலும் அந்த எல்லைக்கு வெளியே போனவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். ஆல்பிரெக்ட் டியூரர் என்ற ஜெர்மானிய ஓவியர் 1503-இல் நீர்வண்ணத்தில் தீட்டிய படம் ஒன்று வியன்னாவில் இருக்கிறது. அதில் ஆள் இல்லை, கதை இல்லை. மண்ணோடு பெயர்த்தெடுத்த ஒரு புல்திட்டும், அதில் முளைத்திருக்கும் களைச்செடிகளும், அவற்றின் வேர்களும் மட்டுமே இருக்கின்றன. ஒரு தழைக்கும் இன்னொரு தழைக்கும் உள்ள பச்சை வேறுபாட்டைக்கூட அவர் விடவில்லை. காலில் மிதிபடும் ஒன்றுக்கு ஓர் அரசரின் முகத்துக்குத் தரும் கவனத்தைத் தந்ததில்தான் அந்தப் படத்தின் பெருமை இருக்கிறது.

துயரத்துக்கும் இதே நியாயம்தான். உள்ளத்து உணர்வுகள் உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று சொல்லும் தொல்காப்பியம், மெய்ப்பாடுகள் எட்டு என்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இந்த எட்டில் அழுகை, இளிவரல், அச்சம், வெகுளி ஆகிய நான்கும் எவரும் விரும்பி வரவேற்காத உணர்வுகள். அழுகை பிறக்கும் இடங்களை எண்ணும்போது இழவையும் அவற்றுள் ஒன்றாக அந்நூல் வெளிப்படையாகவே சொல்கிறது. இலக்கியத்தில் இவை வரக் கூடாது என்று அந்த ஆசிரியர் விலக்கவில்லை. நகைக்கும் உவகைக்கும் உள்ள இடத்தையே இவற்றுக்கும் கொடுத்தார். கிரேக்கத்தில் அரிஸ்டாட்டிலும் இதைக் கவனித்திருக்கிறார். நேரில் கண்டால் வருந்தவோ அருவருக்கவோ செய்யும் பொருள்களை நுட்பமாகத் தீட்டிய ஓவியத்தில் காணும்போது நாம் மகிழ்கிறோம் என்றும், அறிந்துகொள்வதில் மனிதருக்குள்ள இன்பமே அதற்குக் காரணம் என்றும் அவர் எழுதினார்.

கேத்தே கோல்விட்ஸ் என்ற ஜெர்மானியக் கலைஞரின் மகன் பீட்டர், முதல் உலகப் போரில் 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் கொல்லப்பட்டான். அவனுக்கு வயது பதினெட்டு. அவனுக்கு ஒரு நினைவுச் சின்னம் செய்ய அத்தாய் முனைந்தார். செய்வதும் நிறுத்துவதும் மீண்டும் தொடங்குவதுமாகக் காலம் கடந்து, அது 1932-இல்தான் நிறுவப்பட்டது. அதில் மகனின் உருவம் இல்லை. தாயும் தந்தையும் தனித்தனிக் கல்லில் மண்டியிட்டிருக்கிறார்கள். தந்தை தன் கைகளால் தன்னையே இறுகக் கட்டிக்கொண்டு நிமிர்ந்திருக்கிறார். தாய் குனிந்து ஒடுங்கியிருக்கிறார். ஒரே இழப்பு ஒரே வீட்டில் இருவரையும் எப்படித் தனித்தனியே ஆட்கொள்கிறது என்பதைச் சொல்ல அந்த இரண்டு கற்களுக்கு இடையிலுள்ள வெளியே போதுமானதாக இருக்கிறது. இப்படிப்பட்ட படைப்பின் முன் நிற்பவருடைய துயரம் கூடுவதில்லை என்பது என் அனுபவம். தன் துயரத்துக்கு ஓர் உருவம் கிடைத்ததால் அதை அவரால் வெளியிலிருந்து பார்க்க முடிகிறது; இதே துயரம் இன்னொருவருக்கும் இருந்தது என்று தெரிகிறது.

நம் கண்காட்சிப் படத்துக்கு வருகிறேன். அதில் ஒரு கட்டிலும், அதன்மேல் மடித்துவைத்த ஒரு போர்வையும், சுவரோரம் நிற்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். பெரியவர்கள் எல்லோருக்கும் கண்ணும் மூக்கும் இருக்கின்றன. ஒருவருக்கும் வாய் இல்லை. ஆசிரியர் காரணம் கேட்டபோது, அன்றைக்கு யாரும் என்னோடு பேசவில்லை என்றது குழந்தை. இதைச் சொல்ல அந்தக் குழந்தைக்கு வேறு வழி இருந்திருக்குமா என்று நான் யோசித்துப் பார்த்தேன், எனக்குத் தோன்றவில்லை. ஹிட்லரின் நாஜிகள் அமைத்த டெரெசின் சிறைமுகாமில் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர், தாமும் கைதியாக இருந்தபடியே, அடைபட்டிருந்த குழந்தைகளுக்கு மறைவாக ஓவியம் கற்பித்தார். எண்ணாக மாற்றப்பட்டிருந்த அந்தக் குழந்தைகளைத் தங்கள் படத்தில் சொந்தப் பெயரை எழுதச் சொன்னார். 1944-இல் அவர் ஆஷ்விட்ஸ் என்ற கொலைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்; குழந்தைகளில் பெரும்பாலோரும் பிழைக்கவில்லை. இரண்டு பெட்டிகளில் காப்பாற்றி வைக்கப்பட்ட ஏறத்தாழ 4,500 படங்கள் இன்று பிராகிலுள்ள யூத அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றில் தோட்டங்களும் பூக்களும் இருக்கின்றன. முகாமின் அடுக்குப் படுக்கைகளும் இருக்கின்றன. இவற்றில் எதை வரையலாம், எதை வரையக் கூடாது என்று பெரியவர்கள் தேர்ந்து கொடுத்திருந்தால், அந்தப் பிள்ளைகள் பார்த்த உலகில் பாதியை நாம் இழந்திருப்போம்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று, நான்கு வயதில் குழந்தை வரையும் மனிதருக்குத் தலையிலிருந்தே காலும் கையும் முளைக்கும்; அது அந்த வயதுக்கு இயல்பானது, திருத்த வேண்டியதில்லை. ஆறு, ஏழு வயதில் தாளின் அடியில் ஒரு கோடு தரையாகும், உச்சியில் ஒரு நீலப்பட்டை வானமாகும், பிடித்தவர்கள் வீட்டைவிட உயரமாக நிற்பார்கள். ஒன்பது, பத்து வயதில் பார்த்தபடியே வர வேண்டும் என்ற ஆசை வருகிறது. வராதபோது தனக்கு வரைய வராது என்று முடிவுகட்டிப் பலரும் அந்த வயதிலேயே பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அந்த வேளையில், இது குதிரை மாதிரியே இல்லையே என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்லும் ஒரு சொல் அவர்களுக்குப் பெரிதாகிவிடுகிறது. ‘நன்றாக இருக்கிறது’ என்று பார்க்காமலே சொல்வதும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். இதைப் பற்றிச் சொல் என்று கேட்டு, சொல்லும்வரை காத்திருங்கள்.

ஆகவே, ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளின் கலைப் பாடவேளைகள் தேர்வுக்கு முந்தைய வாரம்வரை இப்போதுள்ளபடியே நடக்கும். கணிதத்தில் கூடுதல் உதவி தேவைப்படும் மாணவர்களுக்குப் பள்ளி தொடங்குமுன் தனி வகுப்பு வைக்க ஆசிரியர்கள் இசைந்திருக்கிறார்கள். விரும்புவோர் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுக்கலாம். கண்காட்சியில் அந்தப் படமும் இருக்கும். அதை வைப்பதற்குக் குழந்தையும் வீட்டாரும் சம்மதம் தந்திருக்கிறார்கள். எந்தப் படத்துக்கும் பரிசோ வரிசை எண்ணோ இராது. மாலையில் வேலை முடிந்து வருகிறவர்களும் பார்க்கும்படி அரங்கைத் திறந்து வைத்திருப்போம். முதலில் உங்கள் பிள்ளையின் படத்தைப் பாருங்கள். பிறகு உங்களுக்குத் தெரியாத ஏதாவது ஒரு பிள்ளையின் படத்தின் முன்னாலும் சற்று நேரம் நில்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்