இத்தாலிய உணவகத்தின் வாசலில் ஒரு வரிசை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்பாடிப் பகுதியில் ஒரு குடும்பத்தினர் நடத்திவரும் சிறிய இத்தாலிய உணவகத்தைப் பற்றியும், சனி, ஞாயிறு மாலைகளில் அதன் வாசலில் நேரும் நெடிய காத்திருப்பைப் பற்றியும் தங்கள் நாளிதழ் வழியே சில சொல்ல விரும்புகிறேன். உணவகத்தின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. அங்கே சென்று நின்றவர்களுக்குப் பெயர் தேவைப்படாது. செல்லாதவர்களுக்கு அதனால் பயனில்லை. கணவர் அடுப்படியிலும், மனைவி கல்லாவிலும், கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் மாலை வேளைகளில் மேசைகளுக்கு நடுவிலுமாக உழைக்கும் அந்த இடத்தின் சமையலில் எனக்குக் குறை ஏதுமில்லை. கதவுக்கு வெளியே நிற்பவர்களை அவர்கள் நடத்தும் முறையில்தான் குறை இருக்கிறது. அதுவும் பெரிய செலவின்றிச் சரிசெய்யக்கூடியது என்பதால் எழுதுகிறேன்.

வெளியூர்ச் சாப்பாடு வேலூருக்குப் புதிதன்று. 1900-இல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய சிகிச்சை இடம் சி.எம்.சி. மருத்துவமனையாக வளர்ந்த பின், வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வரும் நோயாளிகளுக்காகக் காந்தி சாலை விடுதிகளைச் சுற்றி மீன் குழம்பும் கடுகெண்ணெய் மணமும் வந்து சேர்ந்தன. 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய வி.ஐ.டி. காட்பாடிச் சாலையின் பசியையே மாற்றிவிட்டது. ஆகவே பாலாற்றின் இக்கரையில் ஓர் இத்தாலிய உணவகம் நிரம்பி வழிவதில் வியப்பில்லை. காரம் தாங்காத நோயாளிகளை அழைத்து வரும் உறவினர்களையும் அங்கே பார்த்திருக்கிறேன். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த மென்மையான பாஸ்தா அவர்களுக்கு ஒத்துப்போகிறது. இத்தாலியச் சமையலுக்கு உயிரான தக்காளிக்கும் நமக்குப் பஞ்சமில்லை. ஆந்திர எல்லையைத் தாண்டினால் மதனப்பள்ளிச் சந்தை இருக்கிறது.

“ஒரு பீட்சாவுக்கு இவ்வளவு நேரமா, ஆம்பூரில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் பிரியாணி வந்துவிடுகிறதே” என்று வாசலில் நிற்பவர்கள் சலித்துக்கொள்வது அடிக்கடி காதில் விழும். இந்த ஒப்பீடு நியாயமானதன்று. ஆம்பூர் பிரியாணியின் வேலை முழுவதும் வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. சீரகச் சம்பா அரிசியும் இறைச்சியும் விறகடுப்பின் மீது தேக்சாவில் வெந்து, மூடிமேல் தணல் போட்டுத் தம் இறங்கிய பிறகு அள்ளி வைப்பதுதான் மிச்சம். கத்தரிக்காய்க் குழம்பும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும் ஏற்கெனவே தயாராக இருக்கும். இத்தாலியச் சமையலில் பெரும்பகுதி வேலை நாம் சொன்ன பிறகுதான் தொடங்குகிறது. உலர்ந்த பாஸ்தாவை ஆர்டர் வந்த பின்பே கொதிநீரில் இட்டு, வகைக்கு ஏற்ப 8 முதல் 12 நிமிடங்களில், நடுவில் சற்றே கடிபடும் பதத்தில் வடித்து, சூடு ஆறுவதற்குள் சாற்றோடு புரட்டித் தட்டில் வைக்க வேண்டும். முன்கூட்டியே வேகவைத்து அடுக்கினால் அது குழைந்துவிடும். ரிசோட்டோ என்னும் அரிசி உணவுக்கு ஒருவர் 18 அல்லது 20 நிமிடம் அடுப்பை விட்டு நகராமல், கொதிக்கும் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்படியில் இருப்பவரோ ஒரே மனிதர், அவருக்கு உதவியாக ஓர் இளைஞர்.

பீட்சாவின் கணக்கு வேறு. நேப்பிள்ஸ் நகரத்து முறைப்படி விறகடுப்பு 430 முதல் 480 டிகிரி செல்சியஸ் வரை கனன்றால், பீட்சா 60 முதல் 90 நொடிக்குள் வெந்துவிடும். நேரம் எடுப்பது மாவு. அம்முறையைக் காப்பதற்காக அந்நகரில் 1984-இல் அமைந்த சங்கத்தின் விதிகள், பிசைந்த மாவு குறைந்தது 8 மணி நேரமாவது புளிக்க வேண்டும் என்கின்றன. சித்திரை, வைகாசி வெயிலில் தோசை மாவே பாத்திரத்தை மீறிப் பொங்கும் நம் ஊரில், இந்த மாவைக் குளிர்பெட்டியில் அடக்கி வைத்து, முதல் நாளே எண்ணி உருட்டி வைக்க வேண்டியிருக்கிறது. அன்றைய உருண்டைகள் தீர்ந்தால் தீர்ந்ததுதான். கூட்டத்தைப் பார்த்துவிட்டு உடனே பிசைந்து கொடுக்க வழியில்லை. இத்தனையும் தெரிந்தவர்கள் தாமதத்துக்காக அந்தக் குடும்பத்தைக் கோபிக்க மாட்டார்கள்.

நானும் அதற்காகக் கோபிக்கவில்லை. ஆனால் சமையலின் நிதானம் வேறு, வாசலின் குழப்பம் வேறு. அங்கே யார் முதலில் வந்தார், யார் பின்னால் வந்தார் என்பதற்கு எழுத்து வடிவில் எந்தப் பதிவும் இல்லை. கதவைத் திறந்து எட்டிப் பார்த்து “எத்தனை பேர்?” என்று கேட்கும் பிள்ளையின் நினைவாற்றலே பதிவேடு. ஏழு மணிக்கு நிதானமாக இருக்கும் அந்த நினைவாற்றல் எட்டு மணிக்குத் தடுமாறுவதில் தவறொன்றுமில்லை. ஆனால் தடுமாறும்போது பலன் பெறுபவர், குரல் உயர்த்திப் பேசுபவராகவோ, கல்லாவில் இருக்கும் அம்மையாரைத் தெரிந்தவராகவோ இருப்பதை நான் கவனித்திருக்கிறேன். எங்களுக்கு நெடுநேரம் பின்னால் காரில் வந்திறங்கிய ஒரு குழுவினர், யாரோ ஒருவரின் தொலைபேசி அழைப்பின் பேரில், எங்களைக் கடந்து உள்ளே சென்று அமர்ந்ததும் நடந்தது. கைக்குழந்தையுடன் நின்ற ஒரு தம்பதியர் ஒன்றும் சொல்லாமல் கிளம்பிச் சென்றுவிட்டனர். “இன்னும் பத்து நிமிடம் சார்” என்பது அங்கே வழங்கும் இன்னொரு சமாதானம். அந்தப் பத்து நிமிடம் முக்கால் மணி நேரமாக நீள்வதைவிட, முதலிலேயே முக்கால் மணி என்று சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் அருகிலிருந்த வேறு வேலையை முடித்துக்கொண்டு வந்திருப்பார்கள். இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த வேறுபாடு உடல்நலம் சார்ந்தது.

நிற்கும் இடமும் சாலைதான். கதவுக்கு வெளியே நிழற்கூரையோ, நாற்காலியோ, ஒரு குடம் குடிநீரோ கிடையாது. இருசக்கர வாகனங்கள் நிறுத்தியது போக எஞ்சிய இடத்தில் முதியவர்கள் பக்கத்துக் கடையின் படியில் அமர்ந்திருக்கிறார்கள். கடைக்காரர் ஷட்டரை இறக்கும் நேரத்தில் அவர்களை எழச் சொல்கிறார், அவர் மீதும் குற்றமில்லை.

எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது என்பது உண்மையன்று. கணக்கு ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் இதை மட்டும் சற்று விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். காத்திருப்போர் எண்ணிக்கை, வருகின்ற வேகம், காத்திருக்கும் நேரம் ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பை 1961-இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் நிறுவிக்காட்டினார். அந்தச் சூத்திரத்தின் எளிய வடிவம் நம் உணவகத்துக்குப் போதும். ஓர் உணவகத்தில் பத்து மேசைகள் இருந்து, ஒவ்வொன்றிலும் மக்கள் சராசரியாக ஒரு மணி நேரம் அமர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஏறத்தாழ 6 நிமிடத்துக்கு ஒரு மேசை காலியாகும். ஒருவருக்கு முன்னால் ஏழு குடும்பங்கள் காத்திருந்தால், அவருடைய முறை வர சுமார் 48 நிமிடம் ஆகும். ஐந்து நிமிடம் முன்பின் இருக்கலாம். ஆனால் “பத்து நிமிடம்” என்று சொல்வதற்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. இருவர் அமரும் மேசைக்கும் அறுவர் அமரும் மேசைக்கும் தனித்தனிப் பட்டியல் வைக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே விளங்கும். பின்னால் வந்த இருவர் முன்னே செல்வதைக் கண்டு அறுவர் குடும்பம் சண்டைக்கு வருவது, பெரும்பாலும் இந்தப் பிரிவை யாரும் அவர்களுக்குச் சொல்லாததால்தான்.

பத்து மேசைக்கு ஒரு மணி நேரம் என்று நான் கொண்ட கணக்கு நம் ஊருக்குக் குறைவாகவும் இருக்கலாம். இத்தாலியில் வாடிக்கையாளர் கேட்காமல் பில்லைக் கொண்டுவந்து வைப்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படும். நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளிலோ மோர் ஊற்றும்போதே பில் மேசைக்கு வந்துவிடும். இந்தக் குடும்பத்தினர் இத்தாலிய வழக்கத்தைப் பின்பற்றுகிறார்கள். அது அவர்களுடைய பெருந்தன்மை. அதைப் பயன்படுத்திக்கொண்டு, தட்டுகள் எடுக்கப்பட்ட பின்னும் கைப்பேசியில் படம் பார்த்தபடி மேசையை விடாத நம்மவர்களைப் பற்றி என்ன சொல்வது? சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, அவர்கள் எழுவதற்காக மூச்சு முட்டக் காத்திருப்பவர்களைப் பற்றியும்தான் என்ன சொல்வது?

தீர்வைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நேப்பிள்ஸ் நகரில் 1870-இல் தொடங்கி, தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்திவரும் டா மிக்கேலே என்ற புகழ்பெற்ற பீட்சாக் கடையில், வருகிறவர்கள் வாசலில் எண் எழுதிய சீட்டைப் பெற்றுக்கொண்டு, தங்கள் எண் அழைக்கப்படும் வரை வெளியே நிற்கிறார்கள். எண் அழைக்கப்படும்போது பணக்காரர், ஏழை, தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேச்சுக்கு இடமில்லை. அவ்வளவு தொலைவு வேண்டாம் என்றால், பொங்கல் பரிசுத் தொகுப்புக்காக நம் நியாய விலைக் கடைகளில் தேதியும் நேரமும் குறித்து டோக்கன் கொடுத்ததை நினைத்துப் பார்க்கலாம். ஒரு வட்டத்தின் அட்டைதாரர்கள் அனைவருக்கும் டோக்கன் கொடுத்து முடிக்கும் ஊரில், முப்பது குடும்பங்களுக்கு எண் கொடுக்க முடியாதா? ஒரு நோட்டுப் புத்தகமும், எண் எழுதிய அட்டைகளும், கதவருகே ஒரு கரும்பலகையும் போதும். வரிசை எண்ணையும் உத்தேச நேரத்தையும் பலகையில் எழுதிவிட்டால், கதவைத் திறக்கும் பிள்ளை யாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, சாப்பாடு பரிமாறலாம். தொலைபேசி வழி முன்பதிவை வேலை நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் சிகிச்சைக்கு வந்திருப்போருக்கும் ஒரு மேசையை ஒதுக்குவதென்றால், அதையும் அதே பலகையில் வெளிப்படையாக எழுதிவிடலாம். அப்படி எழுதிய சலுகைக்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

உணவு விநியோகச் செயலிகள் வழியாக வரும் ஆர்டர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாசலில் முப்பது பேர் நிற்கையில், அதே ஒற்றை அடுப்பிலிருந்து பெட்டி பெட்டியாகப் பீட்சாக்கள் விநியோக இளைஞர்களின் பைகளுக்குள் செல்வதைக் காண்பது எரிச்சலூட்டுகிறது. அந்த இளைஞர்களும் எங்களைப் போலவே நின்று களைத்தவர்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. அட்டைப் பெட்டிக்குள் ஆவி அடைபட்டு நமத்துப்போகும் பீட்சாவால் உணவகத்தின் பெயருக்கும் நன்மையில்லை. வார இறுதியில் மாலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை செயலி ஆர்டர்களை நிறுத்தி வைத்தால், உள்ளே அமர்ந்திருப்பவர்களுக்கு உணவு விரைவாக வரும், மேசையும் விரைவாகக் காலியாகும். வருமானம் குறையும் என்ற அச்சம் இயல்பானது. ஆனால் வெளியே வரிசை நிற்கும் நேரத்தில் அடுப்பு ஒரு நிமிடமும் சும்மா இருக்கப் போவதில்லை.

பெரிய இடத்துக்கு மாற வேண்டும், சத்துவாச்சாரியிலும் ஒரு கிளை திறக்க வேண்டும் என்று யோசனை சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு நான் உடன்படவில்லை. மாவை உருட்டும் கை ஒன்றாக இருப்பதால்தான் அந்தச் சுவை மாறாமல் இருக்கிறது. கிளை திறந்த பிறகு சம்பளத்துக்கு ஆள் வைத்து, உறைந்த மாவு வாங்கி, பெயரை மட்டும் பலகையில் வைத்துக்கொண்ட கடைகளை நாம் பார்க்காமல் இல்லை. மேசைகள் இப்போதுள்ள அளவிலேயே இருக்கட்டும், நாங்கள் காத்திருக்கிறோம்.

மாநகராட்சி நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். அந்தச் சாலையோரத்தில் மாலை வேளைகளில் இருசக்கர வாகனங்களுக்கு ஒரு பக்கத்தை மட்டும் கோடு போட்டு ஒதுக்கினால், நடப்பவர்களுக்கும் நிற்பவர்களுக்கும் மறுபக்கம் கிடைக்கும்.

குடியாத்தத்திலிருந்தும் இராணிப்பேட்டையிலிருந்தும் பேருந்தில் வரும் குடும்பங்கள் அங்கே நிறைய. எட்டரை மணிக்கு மாவு தீர்ந்துவிட்டது என்பதை ஒன்பதே காலுக்கு மேசையில் அமர்ந்த பிறகு சொல்வதால், அவர்கள் பாஸ்தாவை மட்டும் அவசரமாக உண்டுவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு ஓட நேர்கிறது. கடைசி உருண்டை அடுப்புக்குள் போனதும் “இன்றைக்குப் பீட்சா முடிந்தது” என்று வாசல் பலகையில் எழுதி வைக்குமாறு அந்தக் குடும்பத்தினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
காந்தி நகர், காட்பாடி.